காலில் பட்ட பந்து

“தாயே, இன்னைக்கு ஒரே ஒரு தடவை என் புள்ள கால்ல பந்து படணும். பட்டுச்சுன்னா உனக்கு மாவிளக்கு போடுறேன்.”

முன்பட்ட குறுவை நடவு முடித்துக் கரையேறிய ரெங்கம்மாள், சேற்றுக் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. போர் செட் நிழலில் குந்தி, கூட நடவு நட்ட மாலதியின் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

மகன் சூர்யபிரகாஷ் நேஷனல் லீக்குக்குப் போய் இது முதல் சீசன். இன்றைக்குக் கடைசி மேட்ச். அவன் இறங்கிய ஆட்டம் ஒன்றையும் விடாமல் அவள் பார்த்தாயிற்று. மைதானம் முழுக்க மூச்சு வாங்க ஓடுகிறான் பிள்ளை. ஒரு பாவியும் அவனுக்குப் பந்து தருவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டியில் ஆபரேஷன். “இனிமே ஆட முடியுமாடா?” என்று கேட்டபோது, “கிரவுண்டுல இறங்காம இருக்க மாட்டேம்மா” என்றான். சொன்னபடியே இறங்கியும் விட்டான். இறங்கி என்ன? இந்தக் கண்றாவியை ஊர் பார்த்தால் சிரிக்குமென்று, மாலதியைத் தவிர யாரையும் அவள் போன் பக்கம் விடுவதில்லை.

“முட்டி போன காலுன்னு ஒதுக்குறானுவ போலருக்குடி.”

“அதெல்லாம் இல்ல பெரியம்மா. ஆனா அண்ணன் ஏன் பந்தைப் பாத்துக்கிட்டே பின்பக்கமாவே ஓடுது? நம்மள மாதிரி நடவு நடுதா?”

“வாயக் கழுவுடி!”

ரெங்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மகன் போனில் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ‘இன்னைக்கு ஒழுங்கா பண்ணுனாத்தாம்மா அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவாங்க.’ வருஷம் பூராவும் பந்தையே தொடாதவனை எவன் கூப்பிடுவான்?

எண்பது நிமிஷம் ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நீலச் சட்டைக்காரன் சிவப்புச் சட்டைக்காரனைத் தாண்டுகிறான், சூர்யா பக்கத்திலேயே ஓடுகிறான். பந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் போகிறதே தவிர, அவனிடம் வரவில்லை.

“குடுங்கடா, என் சாமிகளா... அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானடா!” அந்தச் சின்னத் திரையிடம் அழுது கெஞ்சினாள் அவள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். யாரோ உதைத்த பந்து சீறிக்கொண்டு வந்து, நேராகச் சூர்யாவின் காலில் பட்டுத் திரும்பியது. பக்கத்தில் நின்ற நீலச் சட்டைக்காரன் அதை அப்படியே வாங்கி வலைக்குள் தள்ளினான்.

“பட்டுருச்சுடி! என் புள்ள குடுத்த பந்து கோலுடி!”

வரப்பில் பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். திரையில் ஏழெட்டுப் பேர் சூர்யாவைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“இப்பதான் தெரியுது பாரு அவனுவளுக்கு, என் புள்ள அருமை!” கன்னத்தில் வழிந்ததைச் சேற்றுக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மகனே கூப்பிட்டான். குரல் எழும்பவில்லை.

“பாத்தேன்டா தங்கம்! மாரியம்மாதான் உன் கால்ல கொண்டாந்து போட்டா!”

“அது கோலே இல்லம்மா. என் கால்ல பட்டதும் ஆட்டத்தை அங்கயே நிறுத்தியிருக்கணும். மலைச்சுப் போய் நின்னுட்டேன். அந்தக் கோலால ஒரு டீம் லீக்கை விட்டே வெளிய போயிடுச்சு. இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்கம்மா.”

“எதிர் டீமு போனா போவுது, அதுக்கு நீ ஏன்டா அழுவுற?”



“ரெஃபரிக்கு ஏதும்மா எதிர் டீமு?”