பத்தும் தப்பு

"பத்துக் கேள்வி. பத்தும் தப்பு!"

விஷ்ணுப்ரியா நோட்டைத் தூக்கிப் பிடித்தாள். நாலாம் வகுப்பு மொத்தமும் திரும்பி ஜாஸ்மினைப் பார்த்தது.

"நேத்து நான் நடத்தினப்போ கிளாஸ்லதானே இருந்தே?"

"ஆமா மிஸ்."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு மிஸ்."

விஷ்ணுப்ரியாவுக்கு எரிச்சலாக வந்தது. முக்கால் மணி நேரம் தொண்டை வற்ற நடத்தியிருந்தாள். வீட்டில் ஒருவரை, அவர் செய்யும் வேலையைப் பற்றிப் பேட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கேள்விகளை எழுதி வந்து காட்ட வேண்டும்.

"தோசை பிடிக்குமான்னு கேட்டா, பிடிக்கும்பாங்க. பேச்சு அதோட முடிஞ்சுபோச்சு. தோசை ஏன் பிடிக்கும்னு கேட்டுப் பாருங்க, ஒரு கதையே வரும். ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியே கூடாது" என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நல்ல பேட்டியாக ஐந்தைப் பொறுக்கி, போட்டோவோடு நோட்டீஸ் போர்டில் மாட்டச் சொல்லியிருந்தார் ஹெச்.எம். பம்மலில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பேர் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை வேறு.

மற்ற பிள்ளைகள் பரவாயில்லை. தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்க்கும் மாமாவிடம் கேட்க, "அந்த நாத்தத்துல எப்படி மாமா சோறு இறங்குது?" என்று எழுதியிருந்தான் அருண்ராஜ். அது கேள்வி!

ஜாஸ்மின் இந்த வருஷம்தான் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்து சேர்ந்தவள். அப்பாவைப் பேட்டி எடுக்கிறாளாம். கம்பெனி வேன் டிரைவர்.

விஷ்ணுப்ரியா சத்தமாகப் படித்தாள். "வேன் ஓட்டப் பிடிக்குமா? மழையில ஓட்டினா பயமா இருக்குமா? பின்னாடி ஹாரன் அடிச்சா கோபம் வருமா?... என்னடி இது? உங்கப்பா என்ன பூம்பூம் மாடா, எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டே இருக்க?"

வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது. அருண்ராஜ் எழுந்து நின்று மாடு மாதிரியே தலையை ஆட்டிக் காட்டினான்.

ஜாஸ்மின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மிஸ், எங்கப்பா..."

"பேசாதே. சோம்பேறித்தனம்தானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மீதிக் கேள்விகளைப் படிக்கக்கூட இல்லை. பத்தின் மேலும் சிவப்பு மையில் கோடு விழுந்தது.

"ஏன், எப்படின்னு புதுசா பத்து எழுது. இன்னிக்கே அப்பாவைக் கேட்டு, பதிலோட வா."

மறுநாள் நோட்டைத் திறந்ததும் விஷ்ணுப்ரியாவின் முகம் மலர்ந்தது. 'வேன் ஓட்ட எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்? முதல் நாள் யாரை ஏற்றிக்கொண்டு போனீர்கள்? மழையில் ஓட்டும்போது என்ன நினைப்பீர்கள்?' பத்தும் முத்து முத்தாக இருந்தன.

ஆனால் கேள்விகளுக்குக் கீழே பதில் எழுத விட்டிருந்த இடமெல்லாம் காலி.

"அப்பாகிட்ட கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன் மிஸ்."

"பதில் சொல்லலையா?"

"இல்ல மிஸ்."

"டூட்டிக்குப் போயிட்டாரா?"

"இல்ல மிஸ்."

"பொய் சொல்றியா?"

"இல்ல மிஸ்..."

குழந்தையின் உதடு துடிப்பதைப் பார்த்து விஷ்ணுப்ரியா குரலைத் தணித்தாள்.

"பின்னே ஏன்மா எழுதல?"

இரண்டு நாளில் ஜாஸ்மினிடம் அவள் கேட்ட முதல் 'ஏன்' அதுதான்.

"அப்பாவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்துடுச்சு மிஸ். பேச்சு வராது. ஆமான்னா தலையை ஆட்டுவாரு. இல்லைன்னா கண்ணை மூடிக்குவாரு. அதான் மொதல்ல அப்படி எழுதினேன். நேத்து இந்தக் கேள்வியைக் கேட்டேனா... சொல்லணும்னு வாயைத் திறந்து திறந்து பார்த்தாரு மிஸ். ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் அழுதுட்டாரு."

அருண்ராஜ் பென்சில் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேற்றுத் தான் சொன்ன பூம்பூம் மாடு நினைவுக்கு வந்ததும், விஷ்ணுப்ரியா சிவப்புப் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

ஜாஸ்மின் நோட்டின் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். நேற்று படிக்காமலே அடித்துவிட்ட பத்தாவது கேள்வி, சிவப்புக் கோட்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

'களைப்பா இருக்காப்பா? மீதியை நாளைக்குக் கேட்கட்டுமா?'

"மிஸ், இந்தப் பழைய கேள்விங்களையே அப்பாகிட்ட கேட்கட்டுமா? போர்டுல மாட்டுவீங்களா?"

விஷ்ணுப்ரியாவுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.