அக்காவின் தனி ஆல்பம்

ராக் குழுவில் பத்து வருடம் பாடியவள் தனியாக ஆல்பம் போடக் கிளம்பியதற்கு ஒரே காரணம், குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவள் தம்பி. எந்தப் பாட்டையும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரிதான் வாசிப்பான். தொண்டையைச் செருமிக்கொண்டு குச்சிகளை நான்கு முறை தட்டிவிட்டால், அப்புறம் அவனை யாராலும் பிடிக்க முடியாது.

அதனால் இந்த ஆல்பத்தில் டிரம்ஸே கிடையாது. அவள் கிடார், அவள் குரல், அவ்வளவுதான்.

முதல் பாட்டைப் பதிவு செய்து போட்டுக் கேட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு செருமல். பிறகு நான்கு தட்டு.

ஒலிப்பதிவாளர் அதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் செருமல்.

"எனக்குச் சளியெல்லாம் இல்லைங்க," என்றார், யாரும் கேட்காமலேயே.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள். "எங்கடா இருக்க?"

"வீட்லதான்க்கா. காலையிலேர்ந்து படுத்தே கிடக்கேன். ரெண்டு கையும் கழண்டு விழற மாதிரி வலிக்குது."

"சரி, தூங்கு."

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ரெண்டாவது சரணத்துல ஏன் அப்படி இழுக்கற? உன்னைத் தள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."

அவள் போனை வைத்துவிட்டு அந்தச் சரணத்தைத் திரும்பக் கேட்டாள். இழுவைதான். மற்றதையெல்லாம்விட அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் பாட்டுக்கு மைக் முன்னால் போய் நின்றவள், அறையின் காலி மூலையைப் பார்த்து, "ஓடாதடா," என்றாள்.

மூலையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.