தலையணைக்கு அடியில்

ஒரு கையில் டீயோடு தலையணையைத் தூக்கிச் சரிசெய்தாள். விழுங்கிவிட்டதாகக் கணவன் சொன்ன வலி மாத்திரைகளெல்லாம் அங்கே கிடந்தன. பட்டறை மிஷினில் கை நசுங்கியதிலிருந்து, "இனி நான் இருந்தென்ன?" என்று புலம்பிக்கொண்டிருந்தவன் அவன்.

"எதுக்குங்க சேர்த்து வெச்சிருக்கீங்க? என்னை அம்போன்னு விட்டுட்டுப் போகவா?"

"அடி பைத்தியமே! இதைப் போட்டா வலி தெரியாமப் போயிடுமே!"

"அதுக்குத்தானே குடுத்தாங்க?"

மாத்திரைகளை அள்ளக் குனிந்தவள் கையிலிருந்து சூடான டீ, அவனது நசுங்கிய கை விரல்களில் சிந்தியது.

"ஐயோ!" என்று அலறியவன், அடுத்த கணமே சிரித்தான்.

"தைச்ச நரம்பு உயிர் பிடிச்சா வலிக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? இத்தனை நாளா மரக்கட்டையாக் கிடந்த விரல்டி! இன்னும் கொஞ்சம் ஊத்து!"