சொந்தப் பிள்ளை கூடாது

மகன் கபிலனைப் பிரிந்து வேலைக்குப் போக மனம் வராமல்தான் எஸ்தர் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்த முடிவு செய்தாள். அப்போதெல்லாம் காப்பகத்துக்கு அனுமதி கொடுப்பது அதிகாரி அல்ல, வீடுதான். கோவையில் அவள் வாடகைக்குப் பார்த்த வீடுகள் கதவைத் திறந்ததுமே கைவிரித்தன. ஒரு வீட்டுக்குத் தன் மாடிப்படி மீதே நம்பிக்கை இல்லை. இன்னொன்று, "எனக்கு அழுகைச் சத்தம் ஆகாதுங்க," என்றது.

சரவணம்பட்டியில் ஒரு வீடு மட்டும் கபிலனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பத்துக் குழந்தைங்களைத் தாராளமா வெச்சுக்கலாங்க. இந்தத் தம்பி மட்டும் கூடாதுங்க," என்றது.

"என் பையனுங்க அவன்!"

"அதுதாங்க சிக்கல். சொந்தக் குழந்தை இருந்தா உங்க கண்ணு அங்கயேதான் போகும். மத்த குழந்தைங்களுக்கு ஆபத்துங்க."

எஸ்தர் கெஞ்சினாள், சண்டை போட்டாள். வீடு மசியவில்லை. வேறு வழியின்றி ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தாள்.

காப்பகம் திறக்கும் அன்று காலை, அழுகிற கபிலனை அடுத்த தெருவில் ஷமீமா நடத்தும் காப்பகத்துக்குத் தூக்கிப் போனாள். ஷமீமா அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் பின்னால் ஒளிந்திருந்த சிறுமியை முன்னால் நகர்த்தினாள்.

"இவ என் பொண்ணு நஸ்ரின். எங்க வீடும் அதையேதான் சொல்லுதுக்கா. நீங்க இவளைப் பாத்துக்குங்க. பருப்புச் சோறுன்னா அடம்புடிக்காம சாப்பிடுவா."

எஸ்தர் நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவன் என் காதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான், ஷமீமா. கொஞ்சம் உன் காதைக் குடு."