ஹீலர் விழுந்தால்

கேமுக்குள் நுழைந்ததும் ஹெட்போனில் ஒரே கூச்சல். "ஏய், வந்துட்டான்டா!"

அவள் மைக்கை அணைத்தே வைத்திருந்தாள்.

வந்தது தம்பி இல்லை. தம்பியின் கணக்கு. அவனுடைய நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

தம்பி பரிதி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பைக் விபத்து. மூளை நின்றுவிட்டது, மெஷின்தான் மூச்சு விடுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலமே அதை எடுத்துவிடலாமா என்று அவள் சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு யாரும் இல்லை.

குளித்து உடை மாற்றத்தான் வீட்டுக்கு வந்தாள். அவனுடைய போனில் செய்தி மேல் செய்தி. ரெய்டுக்கு வா, ரெய்டுக்கு வா.

வரமாட்டான் என்று எழுதக் கை வரவில்லை. இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் இதே கேம் ஆடுகிறவள்தான். மீன் பிடிப்பாள், பூப் பறிப்பாள், தோன்றினால் குதிரையில் ஊர் சுற்றுவாள். அவன் அப்படியில்லை. ஞாயிறு மதியமானால் ரெய்டு, கூட்டத்தோடு அரக்கனை அடிக்கப் போயாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அவன் ஹீலர். விழுகிறவர்களை எழுப்புவது அவன் வேலை. அவனைத் தவிர வேறு யாராலும் முடியாது.

"வெளையாட்டுக்குக்கூட அட்டென்டன்ஸாடா?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பாள்.

"நான் போகலன்னா செத்துருவாங்கக்கா."

சிரிக்காமல்தான் சொல்வான்.

அரக்கன் நெருப்பைக் கக்கினான். எந்தப் பொத்தான் எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. மீன் பிடித்தே பழகிய கை.

முதலில் விழுந்தது தம்பிதான்.

திரையில் ஒரு பொத்தான் வந்து நின்றது. உயிரை விடு.

தெரிந்த பொத்தான்தான். தனியாக ஆடுகிறவர்கள் செத்த கையோடு அதை அமுக்குவார்கள். சுடுகாட்டில் எழுந்து, மறுபடி மீன் பிடிக்கப் போய்விடுவார்கள். அவளும் யோசித்ததே இல்லை.

இன்று விரல் நகரவில்லை. பயமாக இருந்தது.

"சரி விடுல, பரிதி." அது ஜெபராஜ், கூட்டத்தின் தலைவன். தூத்துக்குடிக்காரன். தம்பி வாயில் எப்போதும் இருக்கும் பெயர். "ஏல, எல்லாரும் வந்து விழுங்க."

எழுப்ப ஆளில்லை; ஹீலர் விழுந்துவிட்டால் எல்லாரும் செத்து முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் இவர்கள் வழக்கம் போலிருக்கிறது. ஒருவரும் தப்பி ஓடவில்லை. ஒவ்வொருவராக நெருப்புக்குள் நடந்து வந்தார்கள். தம்பியைச் சுற்றி விழுந்தார்கள்.

அரக்கன் போய்விட்டான்.

குகை முழுக்க உடல்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

யாரும் பொத்தானை அமுக்கவில்லை. அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஏல பரிதி, நீ மொதல்ல அமுக்கிட்டுப் போ. ஒன்னைய தனியா விட்டுட்டு நாங்க எப்படிப் போவோம்?"

அவள் மைக்கைத் திறந்தாள்.

முதலில் வந்தது அழுகைதான். அப்புறம்தான் சொல்ல முடிந்தது. தான் அக்கா என்பதை, பைக்கை, மெஷினை, சாயங்காலத்தை.

அத்தனை பேரும் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?" ஜெபராஜ் கேட்டான்.

சொன்னாள்.

ஒவ்வொரு உடலாகத் திரையிலிருந்து மறைந்தது. கடைசியில் தம்பி மட்டும் கிடந்தான்.

அவள் டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"மெஷினை எடுத்துடலாம் டாக்டர்," என்றாள். "ஆனா சாயங்காலம் வேணாம். அவனோட ஆளுங்க வந்துட்டிருக்காங்க."