இரண்டு மெழுகுவர்த்தி

"சிப்ரியன் இல்லாட்டி நான் என்ன ஆவேனோ!" என்று டூடூ கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை ஜெர்மேன் நிமிர்ந்தாள். "முகத்தைக்கூடப் பார்க்காத ஆளு மேல இவ்ளோ மயக்கமா? அம்பது வயசுல இது தேவையாக்கா?"

"சீ, வாயைக் கழுவு! கூடப் படிக்கிறவரு, நாட்டு வரலாறு நோட்ஸ் அனுப்பியிருக்காருடி. பதினோரு பக்கம்!"

கரீபியன் தீவான டொமினிக்காவின் மலைப்பாதைகளில் பயணிகளுக்கு வழிகாட்டும் வேலை தருவதாக விடுதிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் கல்லூரியின் இணையவழி வரலாற்றுப் பாடத்தில் தேறிய சான்றிதழ் வேண்டும். போன முறை டூடூ நான்கு மதிப்பெண்ணில் தவறினாள். இந்த முறையும் தவறினால் அதே விடுதியின் பின்கட்டில் பாத்திரம் கழுவுவதுதான் கதி.

வகுப்பில் யாரும் முகம் காட்டுவதில்லை. மலைச்சரிவில் கிடைக்கும் சிக்னல் அதைத் தாங்காது. திரையில் பெயர்கள் மட்டும்தான், அதுவும் பதிவேட்டுப் பெயர்கள். எர்னெஸ்டின் என்ற அவள் பெயர் ஞானஸ்நானத்தன்று பயன்பட்டதோடு சரி. இனி கல்லறையில்தான் தேவைப்படும். ஊரில் அவள் டூடூ.

அந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் கேப்டன். ஆயுளில் ஒரே ஒரு முறை படகேறி, கரை மறைவதற்குள் வாந்தி எடுத்ததால் கிடைத்த பட்டம் அது.

அந்தக் கேப்டனோடு டூடூவுக்கு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அவளுடைய ஆடு அவர் தோட்டத்துச் சேப்பங்கிழங்கை மேய்ந்துவிட்டது. அவர் ஆட்டைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள். வளர்த்தவளைத் திட்டிவிட்டார்.

"உன் சிப்ரியன் என்ன வேலை பார்க்குறாராம்?"

"கேட்டதில்ல. ரோசோ பட்டணத்துல பெரிய உத்தியோகமா இருக்கும். எழுத்துல அவ்வளவு மரியாதை!"

அடுத்த வகுப்பில், தப்பியோடிய அடிமைகள் மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்ததைப் பற்றிப் பாடம். ஆபத்து வந்தால் சங்கு ஊதி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள் என்று பேராசிரியை சொல்லும்போதே, கடற்கரையில் நிஜச் சங்கு ஊதியது. மீன் படகு வந்துவிட்டது! டூடூ பாத்திரத்தோடு ஓடினாள்.

வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து சிப்ரியனுக்கு எழுதினாள்: "முரல் மீனுக்கு ஆசைப்பட்டு ஓடிப் பாடத்தைக் கோட்டை விட்டுட்டேன். மீனும் கிடைக்கல. எனக்கு முன்னாடி கேப்டன்னு ஒரு பேராசைக்காரன், கடைசி மீன் வரைக்கும் அள்ளிட்டுப் போயிட்டான்!"

ராத்திரிதான் பதில் வந்தது: "நானும் கடைசிப் பகுதியைக் கேக்கலைங்க, எர்னெஸ்டின். பதிவைக் கேட்டு எழுதி அனுப்பறேன். அந்தக் கேப்டனுக்கும் பசி இருக்குமில்லையா?"

"பார்த்தியா, ஒருத்தனைத் திட்டக்கூட மனசு வரல. தங்கமான மனுஷன்!" என்று டூடூ உருகினாள்.

ஞாயிறு திருப்பலியில் அவள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று சிப்ரியனுக்காக, மனமார. இன்னொன்று கேப்டனுக்காக, பகைவருக்காகவும் வேண்டுங்கள் என்று குருவானவர் பிரசங்கத்தில் சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக.

அடுத்த முறை சங்கு ஊதியபோது, வரிசையில் முன்னால் நின்ற கேப்டன் இரண்டே இரண்டு மீன் வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

"மெழுகுவர்த்தி வேலை செய்யுதுடி ஜெர்மேன்!" என்றாள் டூடூ, மீனைக் கழுவிக்கொண்டே.

சனிக்கிழமை கைப்பேசியிலேயே தேர்வு. சரியாகப் பத்து மணிக்கு இணைய வாசல் மூடிவிடும், பிறகு வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கல்லூரியில் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியைத் தாண்டியது.

விட்டுவிட்டால் கிழங்குத் தோட்டம் மிஞ்சாது. பிடிக்கப் போனால் கேப்டன் திட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். டூடூ கைப்பேசியைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள். அடுத்தவன் உழைப்பு அழிவதைப் பார்த்துக்கொண்டு என்ன பரீட்சை எழுதுவது? சிலுவை போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

கேப்டன் ஏற்கெனவே ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயிலுக்குப் போகிறவரைப் போலத் தேய்த்த சட்டை. பையில் இரண்டு பேனா.

"கேப்டன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! மத்தியானம் நானே வந்து உக்காந்து, நீங்க எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன். இப்ப மட்டும் என்னை விட்டுடுங்க!"

கேப்டன் திட்டவில்லை. ஆட்டைக் கொய்யா மரத்தடிக்கு இழுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இதைக் கட்டிட்டு நானும் பரீட்சைக்கு வந்துடறேன். நீங்க ஓடுங்க, எர்னெஸ்டின்!"