வெறும் படமாக ஒரு கதவு

மாலை வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக நுழைந்து விசைப்பலகையின் மேல் கோடு கோடாக விழுகிறது. புது வீடியோ கேமை விளையாடிப் பார்க்க வந்திருக்கும் பெண் ஒரே விசையை மறுபடி மறுபடி தட்டுகிறாள். கணினித் திரையில் வெள்ளம் ஏறும் தெரு. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுகிறது. மற்ற ஆட்டக்காரர்கள் அந்தக் கதவைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஓடிவிட்டார்கள். இவள் நகரவில்லை. "அது வெறும் படம்மா, திறக்காது. அழுகை சும்மா ஒரு எஃபெக்டுக்கு" என்று கேமை உருவாக்கும் குழுவின் தலைவர் சிரிக்கிறார். "வெள்ளம் வந்த அன்னிக்கு எங்க வீட்டுக் கதவும் திறக்கல சார்" என்கிறாள் அவள். விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து மேசையில் அந்தக் கதவை வரைந்தவள் எழுந்து நிற்கிறாள். "அக்கா, நாளைக்கு வாங்க. திறக்கும்." தலைவர் தலையில் கை வைக்கிறார். "ரிலீஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு கதவுக்காக வீடே கட்டப் போறியா?" "வீடு வேணாம் சார், ஒரு அறை போதும். குழந்தையை அங்க அழ விட்டது நான்தானே." ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் இதுவரை இல்லாத அறையை அவள் வரையத் தொடங்குகிறாள். முதலில் உள்பக்கத் தாழ்ப்பாள், ஒரு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்.